ஓட்டுக்குப் பணம்: ஒரு வாக்குச்சாவடி அளவில் எதிர்த்து நிற்பது எப்படி? கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்யலாம் என்று 2022-இல் நிர்ணயிக்கப்பட்ட உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். தொகுதியில் இரண்டரை லட்சம் வாக்காளர்கள் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 16 ரூபாய். மேடை, மைக், ஆட்டோ, துண்டறிக்கை, தொண்டர்களின் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்கிவிட வேண்டும். அதே தொகுதியில் பாதிப் பேருக்குத் தலா 500 ரூபாய் கொடுத்தால் ஆகும் தொகை 6 கோடியே 25 லட்சம். புதுச்சேரியில் உச்சவரம்பு 28 லட்சம். அங்கே சுமார் 10 லட்சம் வாக்காளர்கள் 30 தொகுதிகளில் பிரிந்திருக்கிறார்கள். ஒரு தொகுதிக்கு 33,000 பேர் அளவில்தான் வரும். தொகுதி சிறியது என்பதால் வீட்டுக்கு வீடு பெயர் சொல்லிக் கொடுப்பதும் அங்கே எளிது.

காகிதத்தில் உள்ள தொகைக்கும் தெருவில் இறங்கும் தொகைக்கும் இடையே இவ்வளவு பெரிய பள்ளம் இருந்தும் அநேகமாக எந்த வேட்பாளரின் செலவுக் கணக்கும் உச்சவரம்பைத் தாண்டியதாகக் காட்டுவதில்லை. யாரும் உட்கார்ந்து சரிபார்ப்பதில்லை என்பதே காரணம். இந்த வழிகாட்டி சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கானது. பேரணியும் முழக்கமும் இதில் வரும். ஆனால் அவை கடைசியில்தான் வரும். கையில் கணக்கு இல்லாத போராட்டத்தை எந்தக் கட்சியும் ஒரே நாளில் மறந்துவிடும்.

எந்தப் பணத்தை எதிர்க்கிறோம்?

தேர்தல் பணம் மூன்று இடங்களில் கைமாறுகிறது. நிறுவனங்களிடமிருந்து கட்சிக்கு வருவது முதலாவது. கட்சியிலிருந்து வாசல்படிக்கு இறங்குவது இரண்டாவது. வென்றபின் ஒப்பந்தம், குத்தகை, நிலம் என்று திரும்ப எடுக்கப்படுவது மூன்றாவது. ஊரில் எல்லோரும் பேசுவது இரண்டாவதை மட்டும்தான், அதிலும் கொடுத்தவரை விட்டுவிட்டு வாங்கியவரை. 500 ரூபாய் வாங்கிய அம்மாவைத் திட்டுவதற்குத் துணிச்சல் எதுவும் தேவையில்லை.

முதல் பணத்தைப் பற்றித் தெருமுனையில் பேசக் கையில் நல்ல சான்று இருக்கிறது. கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் தர வழிசெய்து 2018-இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தது. விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட பாரத ஸ்டேட் வங்கியின் மனுவை மார்ச் 11 அன்று தள்ளுபடி செய்து, மறுநாளே கொடுக்கச் சொன்னது. வெளிவந்த பட்டியலில் மிக அதிகமாகப் பத்திரம் வாங்கியிருந்தது ஒரு லாட்டரி நிறுவனம்: 1,368 கோடி ரூபாய். தி.மு.க. தானே தேர்தல் ஆணையத்திடம் தாக்கல் செய்த விவரத்தின்படி, அந்த நிறுவனத்திடமிருந்து அக்கட்சி பெற்றது 509 கோடி. நாட்டிலேயே அதிகமாகப் பத்திரப் பணம் பெற்றது பா.ஜ.க. லாட்டரியை 2003-இலேயே தடைசெய்த மாநிலம் தமிழ்நாடு என்பதைச் சொல்லிவிட்டு இந்த எண்களைச் சொல்லிப் பாருங்கள். கூட்டத்தில் யாரும் கொட்டாவி விட மாட்டார்கள்.

இலவசத் திட்டங்களையும் பட்டுவாடாவையும் குழப்பாதீர்கள். தேர்தல் அறிக்கையில் வாக்குறுதியாகத் தரும் பொதுத் திட்டம் சட்டப்படி கையூட்டு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல், தமிழ்நாட்டின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வழக்கிலேயே சொல்லிவிட்டது. அதைப் பற்றி உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே மேடையில் கலந்தால், மிக்சியும் உதவித்தொகையும் பெற்ற பெண்கள் உங்களை எதிரியாகப் பார்ப்பார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை.

குழு: ஒரு பாகம், பத்துப் பேர்

தொகுதி முழுவதையும் கண்காணிக்கப் புறப்படும் குழுக்கள் இரண்டாவது வாரத்திலேயே களைத்துவிடும். வாக்காளர் பட்டியலில் ஒரு பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடி, ஏறக்குறைய ஆயிரம் வாக்காளர். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் போதும். அவர்களில் பாதிக்குமேல் பெண்கள் இருப்பது நல்லது, ஏனென்றால் பட்டுவாடா வீட்டுப் பெண்களின் கையில்தான் முடிகிறது. மகளிர் குழுக்களின் வழியாகவே நடப்பதும் உண்டு.

கட்சிக்காரரைச் சேர்க்கலாமா என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே வரும். உறுப்பினர் அட்டை வைத்திருப்பவரை ஒதுக்கினால் எங்கள் பக்கத்து ஊர்களில் குழுவுக்கு ஆளே கிடைக்காது. எந்தக் கட்சியிலும் பொறுப்பில் இல்லாதவர், கிளைச் செயலாளரோ பூத் ஏஜெண்ட்டோ இல்லாதவர் என்ற வரம்பு போதும் என்பது என் கருத்து. ஆனால் எல்லோரும் ஒரே கட்சிச் சாய்வு உள்ளவர்களாக இருந்தால் அந்தக் குழு பிறந்த அன்றே செத்துவிட்டது.

குழுவின் சொந்தக் கணக்கு வெளியே தெரிய வேண்டும். யார் 50 ரூபாய் கொடுத்தார், எந்தத் துண்டறிக்கைக்கு எவ்வளவு ஆனது என்பதை மாதம் ஒருமுறை டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். "உங்களுக்கு எங்கிருந்து பணம் வருகிறது?" என்று கேட்கப்போகிறார்கள், கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

சாதாரண மக்கள் நோட்டுப் புத்தகத்தை ஆயுதமாக்கியது கடலூருக்குப் புதிதல்ல. சிப்காட் ரசாயன ஆலைகளைச் சுற்றிய ஊர்களில் 2004 முதல் ஊர்க்காரர்களே எந்த நாள், எந்த நேரம், என்ன நாற்றம் என்று குறித்து வைத்தார்கள், காற்று மாதிரியும் எடுத்தார்கள். "நாறுகிறது" என்ற புலம்பல் அதன்பிறகுதான் ஆவணமானது. நாள், நேரம், இடம், பார்த்தது என்ற அதே நான்கு கட்டங்கள் இங்கும் வேலை செய்யும்.

ஆறு மாதம் முன்பு: காகிதம் சேர்த்தல்

தேர்தல் அறிவிப்பு வந்தபிறகு சேர்க்கத் தொடங்கினால் நேரம் போதாது. உங்கள் சட்டமன்ற உறுப்பினரும் கடந்தமுறை இரண்டாமிடம் வந்தவரும் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து இறக்குங்கள். படிவம் 26 என்று பெயர். சொத்து, கடன், ஐந்தாண்டு வருமானம், குற்ற வழக்குகள், அரசுடன் உள்ள ஒப்பந்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். 2002-இலும் 2003-இலும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வாக்காளருக்குக் கிடைத்த உரிமை இது. ஒரே நபரின் இரண்டு தேர்தல்களின் பத்திரங்களை அருகருகே வைத்து, எது எவ்வளவு கூடியது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கருத்து எழுத வேண்டாம். எண்களை மட்டும் எழுதினால் அவதூறு வழக்கு என்று மிரட்ட இடம் இருக்காது.

அடுத்தது தொகுதி மேம்பாட்டு நிதி. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்றத் தொகுதிக்கு 5 கோடி. உங்கள் பாகத்துக்குள் அந்த நிதியில் என்ன வேலை நடந்தது, ஒப்பந்ததாரர் யார், மதிப்பீடு எவ்வளவு, கொடுத்த தொகை எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மூன்றாவது பணத்தின் தடம் இங்கேதான் கிடைக்கும். சிமெண்ட் சாலையின் நீளத்தை நீங்களே நாடா பிடித்து அளந்து பார்க்கலாம். கட்சிகளிடமே தகவல் கேட்கலாமே என்று தோன்றும். ஆறு தேசியக் கட்சிகளும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013-இல் சொன்னது. கட்சிகள் அதை மதிக்கவில்லை. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளின் பட்டியலைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தருகின்றன. அதை இணையத்தில் பார்க்கலாம்.

வாசலில் பேசுவது

இதுதான் மிகக் கடினமான வேலை. "ஓட்டை விற்காதே" என்று தொடங்கும் பேச்சு எதுவும் குப்பத்திலோ காலனியிலோ எடுபடாது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. சட்டமன்றத் தேர்தல் பெரும்பாலும் அதை ஒட்டியே வருகிறது. தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் கையில் காசு குறையும் நேரத்தில்தான் கவர் வருகிறது. பணத்தேவை உண்மை. அதை மறுத்துப் பேசுகிறவர் மாதச் சம்பளக்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.

பலன் தரும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். 500 ரூபாயை ஐந்து ஆண்டுக்கு வகுத்தால் மாதம் 8 ரூபாய் 33 காசு. அதை வாங்கியபின், தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்கப் போகும்போது கிளைச் செயலாளர் என்ன சொன்னார் என்று அவர்களிடமே கேளுங்கள். "அதான் காசு வாங்கிட்டீங்களே" என்ற பதிலைக் கேட்டவர்கள் எல்லாத் தெருவிலும் இருப்பார்கள். அவர்களே பேசட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிப்படையாகச் சொல்லவேண்டிய இன்னொன்று: பணம் வாங்கியவர் அந்த வேட்பாளருக்குத்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. குலதெய்வத்தின் மீது சத்தியம் வாங்கியிருந்தாலும், குங்குமத்தின் மீது கை வைக்கச் சொல்லியிருந்தாலும் வாக்கு ரகசியமானது. "வாங்கிக்கொண்டு மாற்றிப் போடு" என்று குழுவே பிரச்சாரம் செய்யக்கூடாது. சட்டப்படி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆவது பிரிவு இருவரையும் சேர்த்தே சொல்கிறது. 173-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே உங்கள் பதிவேட்டில் வாங்கியவர் பெயரை ஒருபோதும் எழுதாதீர்கள். இது வெறும் மரியாதைக்காகச் சொல்வதல்ல. அந்தப் புத்தகம் தவறான கைக்குப் போனால் ஏழைக் குடும்பங்களின் மீது வழக்குப் போடும் பட்டியலாகிவிடும்.

தனி மனிதர் வாங்கும் பணத்தைவிட ஊர் மொத்தமாக வாங்கும் பணம் கெட்டியானது. கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை, ஊர்ப் பொதுக்கணக்கில் ஒரு தொகை, இளைஞர்களுக்குக் கிரிக்கெட் மட்டை, தேர் பழுதுபார்க்கும் செலவு. வாங்குவது ஊர்ப் பெரியவர்கள் என்பதால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இங்கே மறியல் செய்யாதீர்கள். திருவிழாக் கணக்குப் படிக்கும் கூட்டத்துக்குப் போய், தேர்தல் தேதி அறிவித்தபின் எந்த வேட்பாளரிடமும் கோயிலுக்குப் பணம் கேட்பதில்லை என்ற ஒரு வரியைக் கணக்குப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் எழுத மாட்டார்கள். பேச்சு தொடங்கிவிடும், அது போதும்.

ஆரத்தித் தட்டையும் விட்டுவிடாதீர்கள். வேட்பாளர் வரும்போது தட்டு ஏந்தி நின்றால் தட்டில் விழும் பணம் பட்டுவாடாவின் நாகரிகமான வடிவம். அதற்காக வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. ஆரத்தி எடுக்கிறவர்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது யார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தட்டு ஏந்தும் பெண்ணை அல்ல.

ஊராட்சிப் பதவி ஏலம்

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் சங்கதி இன்னும் பச்சையாக நடக்கும். 2019 டிசம்பரில் பண்ருட்டி அருகே நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சத்துக்கும் துணைத் தலைவர் பதவி 15 லட்சத்துக்கும் ஏலம் போனதாகக் காணொளியுடன் செய்தி வந்தது. மாவட்ட நிர்வாகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தத் தேர்தலில் தலைவர் வேட்பாளருக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த செலவு வரம்பு 34,000 ரூபாய்.

"பணம் ஊர்க் கோயிலுக்குத்தானே போகிறது, சண்டை சச்சரவு இல்லாமல் முடிகிறதே" என்பது ஏலத்துக்குச் சொல்லப்படும் நியாயம். பதில் எளியது: ஏலம் கேட்க முடியாத கூலிக்காரரும், ஏலத்தில் உட்காரவே இடம் தரப்படாத பெண்களும், பட்டியல் சாதிக் குடும்பங்களும் தேர்தலிலிருந்து ஒரே இரவில் நீக்கப்படுகிறார்கள். இதை எதிர்க்கக் கிராம சபை நல்ல இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். "எந்தப் பதவியையும் ஏலம் விடுவதில்லை" என்ற தீர்மானத்தை எழுத்தில் கொண்டு போங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள், நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி வையுங்கள். ஏலப் பேச்சு கிளம்பினால் அந்த நகலுடன் மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் புகார் போகட்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கு இந்தியத் தேர்தல் ஆணையத்திடம் போய்ப் பயனில்லை. அது வேறு வீடு.

தெருவில் இறங்குவது

ஆர்ப்பாட்டம் ஒரு கேள்வியோடு இருக்கட்டும். "ஊழலை ஒழி" என்பது கேள்வி அல்ல. "எங்கள் பாகத்தில் 3 கோடி நிதியில் எந்த வேலை நடந்தது?" என்பது கேள்வி.

கடலூரில் காவல்துறைச் சட்டத்தின் 30(2) பிரிவு அடிக்கடி அமலில் இருக்கும். கூட்டம் கூட அனுமதி தேவை. இடம், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா என்று எழுதி ஒரு வாரம் முன்பே காவல் நிலையத்திலும் துணைக் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன "வேண்டாம்" என்பதை வைத்து உயர் நீதிமன்றம் போவது கடினம். மஞ்சக்குப்பம் பகுதியில் வழக்கமாக ஆர்ப்பாட்டம் நடக்கும் இடங்களுக்கு அனுமதி எளிதாகக் கிடைக்கும். புதுச்சேரியில் சுதேசி மில் பகுதியில் தொடங்குவது வழக்கம்; சட்டப்பேரவை நோக்கிப் போனால் ஜென்மராக்கினி மாதா கோயில் அருகே தடுப்பு வைத்து நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தே போங்கள். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகவும் கொடுங்கள். தேர்தல் தேதி அறிவித்ததும் அந்தக் கூட்டம் நின்றுவிடும், ஆர்ப்பாட்டத்துக்கும் தேர்தல் அலுவலர்களின் அனுமதி சேர்ந்துகொள்ளும். ஆகவே இந்த வேலையை முன்பே முடித்துவிடுவது நல்லது.

துண்டறிக்கை அடிக்கும்போது அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவில் நீங்களே மாட்டுவீர்கள்: ஆறு மாதச் சிறை, 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். எந்த வேட்பாளரையும் ஆதரித்து ஒரு வரிகூட அதில் வேண்டாம்.

பிரச்சாரக் காலம்: நிழல் கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

நாற்காலி, பந்தல், பிளெக்ஸ், ஆட்டோ வாடகை, டீ, பிரியாணி என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் ஒரு விலைப்பட்டியல் வெளியிடுவார். அதை வாங்குங்கள். ஒரு வேட்பாளர் உங்கள் பாகத்துக்குள் நடத்தும் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் எண்ணிக் குறியுங்கள்: எத்தனை வாகனம், எத்தனை நாற்காலி, எத்தனை கொடி, மேளமா பேண்டா, சாப்பாடு எத்தனை இலை. விலைப்பட்டியலால் பெருக்குங்கள். எல்லா முக்கிய வேட்பாளர்களுக்கும் இதையே செய்யுங்கள். ஒருவரை மட்டும் எண்ணினால் மற்றவருக்காக வேலை செய்கிறீர்கள் என்பார்கள்; அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

வேட்பாளர் தனி வங்கிக் கணக்கு வைக்க வேண்டும். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது. பிரச்சாரக் காலத்தில் மூன்று முறையாவது அவருடைய செலவுப் பதிவேட்டைத் தேர்தல் செலவினப் பார்வையாளரின் ஆய்வுக்குக் காட்ட வேண்டும். அதிகாரிகளும் ஒரு நிழல் பதிவேடு வைத்திருப்பார்கள். ஆய்வுக்கு முந்தைய நாளே உங்கள் எண்களைப் பார்வையாளரிடம் எழுத்தில் கொடுங்கள். 40 நாற்காலிக்குக் கணக்கு எழுதியிருக்கும் கூட்டத்துக்கு 400 நாற்காலி போட்டிருந்த புகைப்படம் இருந்தால் பார்வையாளர் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு என்பதும் தெரிந்திருக்கட்டும். வேட்பாளருக்குத்தான் உச்சவரம்பு, கட்சியின் பொதுப் பிரச்சாரச் செலவுக்கு வரம்பே இல்லை. அதனால் கட்சி செய்யும் செலவில் வேட்பாளரின் படமோ பெயரோ உள்ளவற்றை மட்டும் எண்ணினால் போதும்.

பறக்கும் படையைப் பற்றி ஒரு சொல். கட்சிக்காரர் வாகனத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமோ 10,000 ரூபாய்க்கு மேல் பரிசுப் பொருளோ இருந்தால் பறிமுதல் செய்யலாம். கடலூர்-புதுச்சேரி எல்லையில் ஆல்பேட்டையிலும் முள்ளோடையிலும் நடக்கும் சோதனையில் மீன் வியாபாரியும் முந்திரி வியாபாரியும் பணத்துடன் மாட்டிக்கொள்வதும், பட்டுவாடாப் பணம் ஒரு வாரம் முன்பே ஊருக்குள் இறங்கியிருப்பதும் எல்லோரும் அறிந்த கதை. அப்படி மாட்டிய வியாபாரிக்குப் பணத்தை விடுவிக்க மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்து உதவுங்கள். ஊரில் உங்களுக்கு நண்பர்கள் கிடைப்பார்கள்.

கடைசி 48 மணி நேரம்

பிரச்சாரம் ஓய்ந்தபின் பொதுக்கூட்டம், ஊர்வலம் எதுவும் கூடாது, உங்களுக்கும் கூடாது. பட்டுவாடா இந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். கொடுக்கிறவர் கையில் வாக்காளர் பட்டியலின் நகல் இருக்கும், வீட்டுக்கு இத்தனை ஓட்டு என்று பேனாக் குறியுடன்.

அந்தத் தாளின் மதிப்பு பணக்கட்டைவிடப் பெரியது. ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் 2017 ஏப்ரலில் ரத்தானதற்கு முன், வருமானவரிச் சோதனையில் 89 கோடி ரூபாய்ப் பட்டுவாடாக் கணக்கு எனச் சொல்லப்பட்ட தாள்கள் சிக்கின. 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்தானபோது சிக்கிய பணத்தில் வார்டு விவரங்கள் எழுதியிருந்ததாகச் செய்தி வந்தது. அதற்கு முன் 2016-இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் நிறுத்தப்பட்டன. மறுதேதியில் இந்த எல்லாத் தொகுதிகளிலும் பெரும்பாலும் அதே முக்கிய வேட்பாளர்களே வந்து நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலைக் குழுவில் குறைந்தது நான்கு பேர் முன்கூட்டியே இறக்கிப் பழகியிருக்க வேண்டும். புகைப்படமோ இரண்டு நிமிடக் காணொளியோ செயலிக்குள்ளேயே எடுக்க வேண்டும். கைப்பேசியில் ஏற்கெனவே இருப்பதை ஏற்றாது. 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் வாக்குறுதி. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், ஆனால் அப்போது புகார் என்னவாயிற்று என்று பின்தொடர முடியாது. 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணிலும் சொல்லலாம். வேறு கேமராவில் எடுத்த காட்சி நீதிமன்றம் போக வேண்டுமானால் எடுத்த கருவியை மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணு ஆதாரங்களுக்காகச் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்று தேவைப்படும்.

கொடுக்கிறவரைக் கையால் பிடிக்காதீர்கள், வண்டியை மறிக்காதீர்கள், தனியாகப் போகாதீர்கள். அவர் உங்கள் சித்தப்பாவின் மகனாக இருப்பார். அடுத்த திருவிழாவில் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். வண்டி எண், நேரம், தெரு போதும்.

வாங்கிய பணத்தை மேசையில் கொட்டி ஊடகத்துக்குக் காட்டும் போராட்டம் பார்க்க நன்றாக இருக்கும். ஐந்து குடும்பமாவது சேர்ந்து முன்வந்தால் மட்டும் யோசியுங்கள். நோட்டு எண்களைக் குறித்து, எழுத்துப் புகாருடன் அன்றே பறக்கும் படையிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரே ஒரு பெண்மணி முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லித் தடுங்கள். தேர்தல் முடிந்தபின் அந்தத் தெருவில் வாழப்போவது அவர்.

புகார் ஏன் அப்படியே அமுங்கிவிடுகிறது என்ற கேள்விக்கும் சட்டத்தில் விடை உண்டு. தேர்தல் கையூட்டு என்பது காவல்துறை தானாக விசாரிக்க முடியாத, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் பதிவான வழக்குகள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகியிருக்கின்றன. எனவே புகார் கொடுத்த மறுநாளே நடுவரின் அனுமதி பெறப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு கடிதத்தை யாரும் எழுதுவதில்லை.

முடிவு வந்த பிறகு

2016-இல் காட்டுமன்னார்கோயில் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 87 வாக்குகள். அதைப் பணம்தான் தீர்மானித்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு தெருவின் வாக்கு ஒரு தொகுதியைத் திருப்பும் என்று காட்ட இதைவிட அருகில் எடுத்துக்காட்டு கிடைக்காது.

முடிவை எதிர்த்துத் தேர்தல் வழக்குத் தொடுக்க 45 நாள் அவகாசம். தோற்ற வேட்பாளர்தான் தொடுக்க வேண்டும் என்பதில்லை, அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் தொடுக்கலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். தேனி நாடாளுமன்றத் தொகுதியின் 2019 முடிவு செல்லாது என்று அந்த நீதிமன்றம் 2023 ஜூலையில் தீர்ப்பளித்தது ஒரு வாக்காளர் தொடுத்த வழக்கில்தான். அதற்கு உச்ச நீதிமன்றம் பின்னர் தடை விதித்தது. பிணைத்தொகை 2,000 ரூபாய்தான். வழக்கறிஞர் செலவும் ஆண்டுக்கணக்கான அலைச்சலும் வேறு. கையூட்டுக் குற்றச்சாட்டில் யார், எங்கே, எப்போது, யாரிடம் என்ற விவரம் இல்லாவிட்டால் முதல் விசாரணையிலேயே மனு விழும். உங்கள் பதிவேடு அவ்வளவு கெட்டியாக இல்லை என்றால் இந்த வழியில் இறங்காதீர்கள்.

அதைவிட எளியது கணக்குப் பார்ப்பது. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தர வேண்டும். ஒரு ரூபாய் கட்டணத்தில் யாரும் அதைப் பார்வையிடலாம். நகலுக்குத் தனிக் கட்டணம். 31-ஆம் நாள் இருவராகப் போங்கள். உங்கள் பாகத்தில் நடந்த நிகழ்ச்சிகளின் தேதிகளை மட்டும் எடுத்து உங்கள் நிழல் கணக்குடன் ஒப்பிடுங்கள். நிகழ்ச்சியே இல்லாதது போல விடுபட்டிருக்கலாம். வாடகை பாதியாகக் குறைந்திருக்கலாம். சாப்பாடு மறைந்திருக்கலாம். கணக்கு நேரத்துக்கு வந்ததா என்பதோடு நிற்காமல் அது உண்மையா என்றும் ஆணையம் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் அசோக் சவாண் வழக்கில் கூறியிருக்கிறது. முறைப்படி கணக்குத் தராதவரை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்யலாம். இடப்பக்கம் அவர்கள் எழுதிய எண், வலப்பக்கம் நீங்கள் எண்ணியது, கீழே புகைப்பட வரிசை எண்கள் என்று இரண்டு பக்கத்தில் புகாரைத் தயாரித்து, பதிவுத் தபாலில் மாவட்டத் தேர்தல் அலுவலருக்கும் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் அனுப்புங்கள். மூன்றாவது நகல், குழுவின் வரவுசெலவு ஒட்டும் அதே டீக்கடைச் சுவருக்கு.